அன்னி பெசன்ட் அம்மையார்: மறுப்பிலிருந்து மறைஞானத்திற்கு

படப்பை, மணிமங்கலம், ஆதனூர்ப் பகுதி ஏரிகளின் மிகைநீரைத் திரட்டிக்கொண்டு கிழக்கே செல்லும் அடையாறு கடலை நெருங்குமிடத்தில், தென்கரையில் பிரம்மஞான சபையின் பெருந்தோட்டம் உள்ளது. 1907 முதல் 1933இல் மறையும் வரை அச்சபைக்குத் தலைமை தாங்கியவர் அன்னி பெசன்ட் அம்மையார். தன்னாட்சி இயக்கத் தலைவி என்றே நாடு அவரை நினைவில் வைத்திருக்கிறது. கடவுளை மறுத்த ஒருவர் கண்ணுக்குப் புலப்படாத மகாத்மாக்களை ஏற்ற வரலாறு அரசியற் புகழின் நிழலில் மறைந்துகிடக்கிறது.

1847இல் இலண்டனில் பிறந்த அவர், இருபதாம் வயதில் ஆங்கிலத் திருச்சபைப் பாதிரியார் ஒருவரை மணந்தார். 1871இல் கைக்குழந்தை மேபல் கக்குவான் இருமலால் சாவின் விளிம்புவரை சென்று மீண்டாள். ஒன்றுமறியாக் குழந்தையை வதைக்கும் கடவுள் எத்தகையவர் என்ற வினா தாயை விட்டகலவில்லை. விடை தேடி ஆக்ஸ்போர்டின் சமய அறிஞர் பியூசியிடம் சென்றார்; படித்தது போதும், கேள்வியே பாவம் என்ற கண்டிப்புத்தான் கிடைத்தது. நம்பாத நற்கருணையை உண்ண மறுத்து, 1873இல் கணவரைப் பிரிந்தார். அடுத்த ஆண்டே சார்லஸ் பிராட்லாவின் நாத்திக இயக்கத்தில் சேர்ந்தார். அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. நாத்திகத்தையும், குடும்பக் கட்டுப்பாட்டு நூலொன்றை வெளியிட்டதையும் காரணங்காட்டி, 1878இல் நீதிமன்றம் மேபலை அவரிடமிருந்து பிரித்தது.

அவர் காலடி படுமுன்பே பிராட்லா இயக்கத்தின் கருத்துகள் தமிழகத்தை எட்டிவிட்டன. சென்னை இலௌகிக சங்கத்தார் அவ்வழியைப் பின்பற்றி 1882 முதல் 1888 வரை ‘தத்துவ விவேசினி’ என்னும் தமிழ் இதழை நடத்தினர். ஆனால் 1893 நவம்பரில் தூத்துக்குடியில் வந்திறங்கியவர் பழைய அம்மையார் அல்லர்.

1889இல் பிளவாட்ஸ்கி அம்மையாரின் ‘இரகசியக் கோட்பாடு’ மதிப்புரைக்காக அவர் கைக்கு வந்தது. மனமும் உணர்வும் வெறும் பருப்பொருளின் விளைவு என்ற விளக்கத்தில் முன்பே நிறைவிழந்திருந்தவர், நூலாசிரியரைத் தேடிச் சென்றார். சேருமுன் ஹாட்ஜ்சனின் அறிக்கையைப் படித்து வருமாறு பிளவாட்ஸ்கியே சொல்லியனுப்பினார். அவ்வறிக்கையின் களம் நம் அடையாறு. அங்கிருந்த பேழையொன்றில் மகாத்மாக்களின் கடிதங்கள் தோன்றுவதாகச் சொல்லப்பட்டது. அது சூழ்ச்சியே என்று அங்குப் பணியாற்றிய கூலோம் தம்பதியர் கூறியதை 1884இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி இதழ் வெளியிட்டது. நேரில் ஆராய்ந்த ஹாட்ஜ்சனும் பிளவாட்ஸ்கி ஏமாற்றுக்காரர் என்றே முடிவுகட்டினார்.

அறிக்கையைப் படித்த பின்னரே அம்மையார் சபையில் சேர்ந்தார். மோசடிக்குத் தாமே துணைபோனதாகச் சொல்வோரின் சாட்சியம் எப்படிச் செல்லும் என்பது அவர் வாதம். வழக்காடுமன்றத்திற்கு இது பொருந்தலாம். சாட்சி பொய்யர் என்பதனால் மகாத்மாக்கள் மெய்யாகிவிடுவதில்லை. அறிக்கையின் ஒருதலைச் சார்பை 1986இல் வெர்னன் ஹாரிசன் விரிவாகச் சுட்டிக்காட்டினார். அதற்கும் இவ்வளவே பொருள்.

1891இல் பிளவாட்ஸ்கி மறைந்தபின், அதே கையெழுத்தில் தமக்குக் கடிதங்கள் வந்ததாக அம்மையார் பழைய நாத்திக மேடையிலேயே அறிவித்தார். மூன்றே ஆண்டுகளில், அவை சபையின் மற்றொரு தலைவரான வில்லியம் ஜட்ஜின் கையால் எழுதப்பட்டவை என்ற முடிவுக்கு வந்து, தாம் பிறரைத் தவறாக வழிநடத்த நேர்ந்ததைப் பொதுக்கூட்டத்திலேயே ஒப்புக்கொண்டார். எத்தனை தலைவர்களுக்கு இத்துணிவு வரும்? ஆயினும் கடிதத்தை ஐயுற்றவர், அதை எழுதியதாகச் சொல்லப்பட்ட மகாத்மாக்களை ஐயுறவில்லை. பியூசியிடம் வாளாக நின்ற ஐயம் அடையாற்றில் உறையை விட்டுப் பாதியளவே வெளிவந்தது.

1909இல் அடையாற்றுக் கடற்கரையில் லெட்பீட்டர் கண்டெடுத்த சிறுவன் கிருஷ்ணமூர்த்தியை, வரவிருக்கும் உலக ஆசானின் உடல் என அவர் நம்பினார். தந்தை நாராயணய்யா மகனைக் கேட்டு வழக்குத் தொடுத்தார். நம்பாமையால் மகளை இழந்தவர், நம்பிக்கையின் பெயரால் இன்னொருவர் மகனுக்காக வாதாடினார். 1913இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் தோற்றவர், 1914இல் பிரிவி கவுன்சிலில் வென்றார். அவ்வாண்டே புதுச்சேரியிலிருந்த பாரதியார் ஆங்கிலத்தில் ‘பொன்வால் நரி’ எழுதி அவரை எள்ளினார்.

1929 ஆகஸ்ட் 3ஆம் நாள், ஹாலந்தின் ஓமன் நகரில், தமக்காக உருவாக்கப்பட்ட விண்மீன் சங்கத்தைக் கிருஷ்ணமூர்த்தி கலைத்தார். உண்மைக்குப் பாதையில்லை, குருவும் வேண்டா என்பது அவர் நிலை. ஏறத்தாழ எண்பத்திரண்டு வயதான அம்மையார் அக்கூட்டத்திலேயே அமர்ந்து அதைக் கேட்டார். அவர் கிருஷ்ணமூர்த்தியையும் துறக்கவில்லை, சபையையும் கலைக்கவில்லை. 1933 செப்டம்பர் 20ஆம் நாள் அடையாற்றில் மறையும்வரை, அச்சபையின் தலைவராகவே இருந்தார்.