அன்னையின் ஓய்வும் அண்ணல் அம்பேத்கரும்

சித்தார்த்தரைப் பெற்றெடுத்த ஏழாம் நாளில் மாயாதேவியார் மறைந்தார் என்றும், தாயற்ற அக்குழந்தையைச் சிற்றன்னை மகாபிரஜாபதி கௌதமியார் வளர்த்தார் என்றும் பௌத்த மரபு கூறும். நம் அண்ணல் டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் அவர்களும் இளமையில் தாயை இழந்தவரே. 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், மோவ் என்னும் இராணுவ நகரில், சுபேதார் ராம்ஜிக்கும் பீமாபாய்க்கும் பதினான்காவது மகவாக அவர் பிறந்தார். அவருக்கு ஐந்து வயதளவில் அன்னையார் காலமானார். அதன்பின் அவரை வளர்த்தவர் அத்தை மீராபாய். அந்த வீட்டில் பிறந்த பதினால்வருள் பிழைத்து வளர்ந்தோர் சிலரே.

அரசியல் சட்டத்தை உருவாக்கிய மேதையாகவும், நம்மைத் தம்மத்தின் நிழலுக்கு அழைத்து வந்த ஆசானாகவும் அண்ணலை நாம் அறிவோம். ஆனால், உழைக்கும் பெண் பிள்ளை பெறும் காலத்தில் கூலியை இழக்காமல் ஓய்வு பெற வேண்டும் என்று அவர் வாதாடியதை நம்மவருள் பலர் அறியார். அவ்வரலாற்றை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

1913இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்கும், பின்னர் இலண்டனுக்கும் சென்று கற்ற அண்ணல், 1923இல் பாரிஸ்டராகத் தாயகம் திரும்பினார். அவர் கடல் கடந்திருந்த ஆண்டுகளில் குடும்பத்தின் வறுமையைத் தாங்கியவர் துணைவியார் ரமாபாய். அவர்களுடைய இல்லம் பம்பாயின் பரேல் பகுதியில், பஞ்சாலைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பல அறைக் கட்டடம் ஒன்றில் இருந்தது. ரமாபாய் ஐந்து மக்களைப் பெற்றார். மூத்த மகன் யஷ்வந்த் ஒருவரே நிலைத்தார். கடைக்குட்டி ராஜரத்னா 1926இல் இறந்தபோது பெற்றோர் இருவரும் நொறுங்கிப் போயினர். அத்துயரமே பின்னாளில் அண்ணலைச் சட்டசபையில் பேச வைத்தது என்று நாம் துணிந்து கூறமாட்டோம். ஆயினும், தாய்மையும் வறுமையும் ஒரே கூரையின்கீழ் வாழ்வது எத்தகையது என்பதை அவர் ஏட்டில் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை.

1927இல் அண்ணல் பம்பாய்ச் சட்டசபையின் நியமன உறுப்பினர் ஆனார். மறு ஆண்டு, ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்குப் பிரசவ காலத்தில் உதவித்தொகை வழங்க வேண்டும் என்னும் மசோதா சபையின் முன் வந்தது. அப்போது பம்பாயின் பஞ்சாலைகள் மாபெரும் வேலைநிறுத்தத்தால் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. அவ்வாலைகளில் நூல் சுற்றும் பிரிவுகளில் பெண்கள் ஏராளமாக உழைத்தனர். வேலைக்கு வராத நாளுக்குக் கூலி இல்லை. ஆதலின் வயிற்றுச் சுமையோடு இயந்திரத்தின் முன் நிற்பதும், பிள்ளை பெற்ற உடம்பு தேறுமுன் மீண்டும் ஆலைக்குச் செல்வதும் ஏழைப் பெண்ணின் விதி போலாயின. விதி என்று சொல்லப்பட்டதைச் சட்டத்தால் மாற்ற முடியும் என்பதே மசோதாவின் உட்பொருள்.

1928ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் அண்ணல் அம்மசோதாவை ஆதரித்துப் பேசினார். அவருடைய வாதம் எளியது. பிரசவத்திற்கு முன்னும் பின்னும் தாய் ஓய்வு பெறுவது அவளுக்கு மட்டுமன்று, தேசத்திற்கே நன்மை தருவது. மக்களின் நலனைக் காப்பது அரசாங்கத்தின் முதற்கடமை. ஆகவே அந்த ஓய்வுக்குரிய செலவில் பெரும்பங்கை அரசாங்கமே ஏற்பது முறை. அதனால் முதலாளி கைகழுவிவிட முடியாது. பெண்ணை வேலைக்கு வைப்பதில் ஆணை வைப்பதைவிட மிகுதியான ஆதாயம் காண்பவன் அவன். ஆதாயம் கொள்பவன் பொறுப்பிலும் பங்கு கொள்ளல் வேண்டும். இந்த நியாயத்தில் இரக்கம் கேட்கும் தொனி இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். பெண்ணின் ஓய்வை அவர் பிச்சையாகக் கேட்கவில்லை. கணக்கில் வரவேண்டிய பாக்கியாகக் கேட்டார். பம்பாய் மாகாணத்தின் சட்டம் 1929இல் நிறைவேறியது. சென்னை மாகாணத்திலும் 1934ஆம் ஆண்டுச் சட்டம் பின்தொடர்ந்தது.

எதிர்வரிசையிலிருந்து நியாயம் பேசுதல் ஒன்று. அதிகாரத்தில் அமர்ந்து அதனைக் காத்தல் வேறொன்று. 1942இல் அண்ணல் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறைப் பொறுப்பை ஏற்றார். சுரங்கத்தின் இருளையும் தூசியையும் கோலார் தங்கவயல் போன்ற ஊர்களில் கண்டறிந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் அடுத்து வருவதை எளிதில் உணர்வர். நிலத்தடியில் பெண்கள் வேலை செய்வதற்கு இருந்த தடையை, போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி அரசாங்கம் 1943இல் நீக்கியது. மாதர் அமைப்புகள் கண்டித்தன. துறையின் பொறுப்பாளர் என்ற முறையில் 1944இல் மத்திய சட்டசபையில் அம்முடிவுக்கு விடையளிக்க வேண்டியவர் அண்ணலே. அது தற்காலிக ஏற்பாடு என்றும், நிலத்தடியில் ஆணுக்குரிய கூலியே பெண்ணுக்கும் உண்டு என்றும் அவர் விளக்கினார். இப்பகுதியை மறைத்துவிட்டு அவர் வரலாற்றைக் கூறுதல் அவருக்கே உகந்ததாகாது.

அதே காலத்தில் அவர் செய்த பிறவற்றையும் சேர்த்தே காண வேண்டும். சுரங்கப் பெண்களுக்கான 1941ஆம் ஆண்டின் பிரசவ உதவிச் சட்டத்தில் ஐயத்துக்கு இடமளித்த சொற்களைத் திருத்த 1943 ஜூலையில் மசோதா கொண்டுவந்தார். அவ்வாண்டு டிசம்பரில் ஜாரியா நிலக்கரிப் பகுதிக்குச் சென்று சுரங்கத்தினுள் இறங்கித் தொழிலாளர் நிலையை நேரில் கண்டார். 1945ஆம் ஆண்டின் திருத்தம் நிலத்தடியில் உழைத்த பெண்களின் பிரசவ ஓய்வை நீட்டித்தது. 1946இல் அத்தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அவர் பொறுப்பில் இருந்தபோது உருவான தொழிலாளர் காப்பீட்டு ஆய்வின் பயனாக, 1948ஆம் ஆண்டின் மாநிலத் தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம் பிறந்தது. அதில் பிரசவ உதவி ஒரு தனி முதலாளியின் பணப்பையிலிருந்து அன்றிப் பொது நிதியிலிருந்து வழங்கப்பட்டது. கர்ப்பிணிக்குக் கூலி தர வேண்டுமே என்று அஞ்சிப் பெண்ணையே வேலைக்கு வையாத முதலாளிக்கு இதனைவிடத் தக்க விடை இல்லை.

பின்னர் அண்ணல் வரைவுக் குழுவின் தலைவராக இருந்து உருவாக்கிய அரசியல் சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தது. நியாயமும் மனிதத்தன்மையும் உடைய வேலைநிலைகளுக்கும் மகப்பேற்று உதவிக்கும் அரசு வகைசெய்ய வேண்டும் என்று அதன் 42ஆம் பிரிவு விதிக்கிறது. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் தீட்சை பெற்று இலட்சக்கணக்கானோரைத் தம்மத்திற்கு அழைத்த அண்ணல், அவ்வாண்டு டிசம்பர் 6ஆம் நாள் பரிநிர்வாணம் எய்தினார். நாடு முழுமைக்குமான மகப்பேற்று உதவிச் சட்டம் 1961இல் இயற்றப்பட்டதை அவர் காணவில்லை. பன்னிரண்டு வார ஓய்வு 2017இல் முதலிரு பிள்ளைகளுக்கு 26 வாரங்களாக உயர்ந்ததும் நாம் அறிந்ததே.

ஆயினும் அன்பர்களே, அந்த 26 வாரங்கள் யாருக்குக் கிட்டின? அலுவலகத்திலும் ஆலையிலும் பதிவேட்டில் பெயருள்ள பெண்ணுக்குக் கிட்டின. நாற்று நடுபவள், செங்கல் சூளையில் மண் சுமப்பவள், பிறர் வீட்டில் பாத்திரம் துலக்குபவள் ஆகியோருக்கு அவை எட்டவில்லை. நம் தாய்மாரும் தமக்கையரும் பெரும்பாலும் இவ்வரிசையில் நின்றவர்களே. ஏப்ரல் 14இல் அண்ணலின் படத்திற்கு மாலை சூட்டும்போது, நம் தெருவில் வயிற்றுப் பிள்ளையோடு வேலைக்குப் போகும் பெண்ணை ஒரு கணம் நினைப்போம். அவளுடைய ஓய்வு நாட்களுக்குரிய கூலியை யார் தருகிறார்கள் என்று கேட்போம். அவளே பட்டினி கிடந்து தருகிறாள் என்பது விடையாயின், 1928இல் அண்ணல் தொடங்கிய வழக்கு இன்னும் முடியவில்லை. அதனை நடத்தும் பொறுப்பு நம்முடையது.