வளைகோல் வீரர் தியான் சந்த்

பொதிகை மலையில் தோன்றி, பாபநாசத்தில் அருவியாய் இழிந்து, நெல்லைச் சீமையை வளஞ்செய்து, புன்னைக்காயல் அருகே கடலொடு கலப்பது தாமிரபரணி. ஐப்பசி கார்த்திகையில் அது கரைபுரண்டு ஓடும். கோடையில் மணற்றிட்டுகளைச் சுற்றி ஒதுங்கி ஓடும். பாறை எதிர்ப்படின் விலகிச் செல்லும். செல்லும் நெறி மாறினும் சேரும் இடம் மாறுவதில்லை. தொழிலிலும் விளையாட்டிலும் தேர்ந்தோருடைய திறமும் இத்தன்மையதே. இவ்வுண்மையைத் தம் ஆட்டத்தால் உலகிற்குக் காட்டியவர் தியான் சந்த் ஆவார்.

அவர் 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29-ஆம் நாள் அலகாபாத்தில் பிறந்தார். தந்தையார் சமேசுவர் சிங் படைப்பணியில் இருந்தவர். பணியின் பொருட்டு ஊர்தோறும் மாறி வாழ்ந்த அக்குடும்பம் முடிவில் ஜான்சி நகரில் நிலைபெற்றது. இளமையில் அவருக்கு மற்போரில் இருந்த விருப்பம், ஹாக்கி எனப்படும் வளைகோற் பந்தாட்டத்தில் இருந்ததில்லை. 1922-ஆம் ஆண்டில் சிப்பாயாகப் படையிற் சேர்ந்த பின்னரே அவ்வாட்டம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. பாலே திவாரி என்னும் படைத்தலைவர் அவருக்கு முதல் ஆசானாய் அமைந்தார். பகலெல்லாம் பணிபுரிந்து, இரவில் நிலவொளியில் தனியே பந்தை உருட்டிப் பயின்றமையால், தியான் சிங் என்னும் இயற்பெயர் தியான் சந்த் என மாறிற்று என்பர். சந்த் என்பது திங்களைக் குறிக்கும் சொல்லாகும்.

1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் இந்திய அணி முதன்முறையாகத் தங்கப் பதக்கம் வென்றது. அப்பந்தயத்தில் அவர் ஒருவரே 14 கோல்கள் அடித்தார். 1932-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தம் இளவல் ரூப் சிங்குடன் ஆடினார்; அங்கே அமெரிக்க அணி 24-க்கு 1 என்னும் கணக்கில் தோல்வியுற்றது.

பந்து அவர் கோலைவிட்டு அகலாததைக் கண்டு வியந்த அயல்நாட்டார், கோலினுள் காந்தம் மறைந்திருக்குமோ என ஐயுற்று அதனை ஆராய்ந்தனர் என்றொரு கதை வழங்குகின்றது. மறைபொருள் கோலில் இல்லை. கண்ணும் கையும் காலும் ஒன்றோடொன்று இசைந்த இசைவில் இருந்தது. அவ்விசைவின் இயல்பை, ஏறத்தாழ அதே காலத்தில், மாஸ்கோ நகரில் நிக்கலாய் பெர்ன்ஸ்டைன் என்னும் அறிஞர் ஆராய்ந்துகொண்டிருந்தார். உளியைச் சுத்தியலால் அடிக்கும் தொழிலாளரின் தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றில் சிறு மின்விளக்குகளைப் பொருத்தி, அவற்றின் இயக்கத்தைப் படம்பிடித்தார். கைதேர்ந்த தொழிலாளி நூறு முறை அடித்தால், நூறு முறையும் சுத்தியல் உளியின் தலைமீதே விழுந்தது. ஆயின் மூட்டுகள் இயங்கிய நெறி ஒவ்வொரு முறையும் சிறிது வேறுபட்டிருந்தது. தோளில் நேர்ந்த சிறு பிழையை முழங்கையும் மணிக்கட்டும் உடனுக்குடன் ஈடுசெய்தன. ஆதலின், பயிற்சியாவது ஒரே அசைவை மனப்பாடம் செய்வதன்று. மாறிவரும் நிலைக்கேற்ப ஒரே பயனை எய்தக் கற்றலே என்பது தெளிவாயிற்று. நெல்லைச் சிற்றூர்களில் சிலம்பம் பயில்வோரும் இதனை நன்கு அறிவர். எதிரியின் கம்பு வரும் திசைக்கேற்பத் தன் வீச்சை மாற்றாதவன் அடிபடுவான் அன்றோ!

இத்திறம் கடுஞ்சோதனைக்கு உள்ளானது 1936-ஆம் ஆண்டிலாகும். தியான் சந்த் தலைமையில் பெர்லின் சென்ற இந்திய அணி, பந்தயத்திற்கு முன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மானியரிடம் 4-க்கு 1 என்னும் கணக்கில் தோற்றது. தலைவரின் உள்ளம் கலங்கிற்று. எனினும் அவர் சோர்ந்துவிடவில்லை. குறையை ஆராய்ந்து அணியைச் செப்பம் செய்தார். இறுதியாட்டத்தில் அதே ஜெர்மானியரை எதிர்கொள்ள நேர்ந்தது. மழையினால் ஒருநாள் தள்ளிவைக்கப்பட்ட அவ்வாட்டம் ஆகஸ்டு 15-ஆம் நாள் நடந்தது. தரை ஈரம் உலராதிருந்தமையால் பந்தின் ஓட்டமும் கால்களின் பிடிப்பும் மாறின. முற்பாதியில் இந்தியர் ஒரு கோலே அடிக்க முடிந்தது. இடைவேளைக்குப் பின் தியான் சந்த் தம் ஆணிக் காலணிகளைக் களைந்துவிட்டு ஆடினார் என்பர். தரைக்கேற்பக் கால் மாறிற்று. காலுக்கேற்பக் கை மாறிற்று. குறி மட்டும் மாறவில்லை. முடிவில் 8-க்கு 1 என்னும் கணக்கில் இந்தியா வென்று, மூன்றாம் முறையாகத் தங்கம் பெற்றது.

1956-ஆம் ஆண்டு அவர் மேஜர் பதவியுடன் படையினின்றும் ஓய்வு பெற்றார். அவ்வாண்டிலேயே அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பெற்றது. 1979-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3-ஆம் நாள் அவர் தில்லியில் மறைந்தார். அவர் பிறந்த நாள் தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடப்பெறுகின்றது.

1986-ஆம் ஆண்டு வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் விளங்கும் கோவில்பட்டி, வளைகோலாட்டத்திற்குப் பெயர் பெற்ற ஊராகும். கரிசல் நிலம் கோடையில் இறுகி வெடிக்கும். மழையில் காலைப் பற்றும். அம்மண்ணில் ஆடிப் பழகியோர்க்கு நிலமே ஆசானாகும். இன்று அங்குச் செயற்கைப் புல்தரை அமைந்துள்ளது. அவ்வூர் இளைஞர் இந்திய அணியிலும் இடம்பெற்றுள்ளனர்.

தோல்வி கண்டு துவளாமையும், காலமும் களமும் மாறுமிடத்துத் தம்மை மாற்றிக்கொள்ளும் அறிவும், குறியினின்றும் பிறழாத உறுதியும் தியான் சந்தின் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடங்களாம். விளையாட்டுக் களத்திற்கு மட்டுமன்றி, வாழ்க்கைக் களத்திற்கும் அவை பொருந்துவனவே.