அண்ணலின் கடன் கணக்கு

கல்லூரிச் சேர்க்கை மாதங்களில் நம் தெருக்களில் ஒரே பேச்சுதான். நகையை வைத்தாவது பிள்ளையைப் படிக்க வைப்பதா, அல்லது இப்போதே வேலைக்கு அனுப்பிவிடுவதா? படித்து முடித்தவனே ஜவுளிக் கடையில் நிற்கிறானே என்று பக்கத்து வீட்டைக் காட்டிக் கேட்கிறார்கள். கேள்வியில் தப்பில்லை. அண்ணல் அம்பேத்கரின் படத்துக்குக் கீழே அவர் வாங்கிய பட்டங்களை வரிசையாக எழுதி வைக்கிறோம். அந்தப் பட்டங்களுக்கு அவர் வீடு கொடுத்த விலையை நாம் அதிகம் பேசுவதில்லை.

அவருடைய தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற சுபேதார். ஓய்வூதியம் மாதம் 50 ரூபாய். மும்பை பரேல் பகுதியில் ஒரே அறையில் மொத்தக் குடும்பமும் இருந்தது. மகன் தூங்குவதற்காகத் தந்தை நடுராத்திரி வரை விழித்திருப்பார். இரண்டு மணிக்கு எழுப்பிவிட்டுத் தான் படுப்பார். புத்தகம் வேண்டுமென்று மகன் கேட்டால், மணமாகிப்போன மகள்களிடம் நகையைக் கேட்டு வாங்கி, மார்வாடிக் கடையில் அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுத் திருப்பிக் கொடுப்பார். நம் வீடுகளில் இன்றும் நடப்பது இதுதான்.

1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். அதற்குமேல் தந்தையால் முடியவில்லை. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கொடுத்ததால்தான் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. முடிக்க முடிந்தது. 1913 பிப்ரவரியில் தந்தை இறந்தார். அதே ஆண்டு அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் செல்ல, மூன்று ஆண்டுகளுக்கு மாதம் பதினொன்றரை பவுண்டு கொடுக்க மன்னர் சம்மதித்தார். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 170 ரூபாய். சும்மா கொடுக்கவில்லை. திரும்பி வந்து பத்து ஆண்டுகள் பரோடா அரசில் வேலை செய்வேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

நியூயார்க்கில் அந்தப் பணத்தில் ஒரு பங்கை மனைவி ரமாபாய்க்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்ந்தார். கையில் மிஞ்சியதற்குப் பழைய புத்தகங்கள் வாங்கினார். 1915இல் எம்.ஏ.; அடுத்த ஆண்டு லண்டன். அங்கே பொருளாதாரமும் சட்டமும் ஒரே சமயத்தில் தொடங்கினார். பாதியில் உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917இல் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. வேறு கப்பலில் அனுப்பிய அவருடைய புத்தகங்கள் உலகப் போரின் டார்பிடோ குண்டுக்குக் கடலில் போயின.

அமெரிக்காவில் எம்.ஏ. வாங்கி, லண்டனிலும் படித்துவிட்டு வந்தவர் ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் மேஜைமேல் கோப்புகளைக் கடைநிலை ஊழியர்கள் தூர நின்று வீசினார்கள். அலுவலகத்தில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. தங்க இடம் கிடைக்காமல், பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைச் சொல்லி, நாளுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்து இருந்தார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து நின்ற பார்சிகள் அவரை அன்றே வெளியேறச் சொன்னார்கள். இரண்டு நண்பர்களைக் கேட்டார். இருவர் வீட்டிலும் இடமில்லை. பூங்காவில் மணிக்கணக்காக உட்கார்ந்து அழுதுவிட்டு, இரவு ரயிலில் மும்பை திரும்பினார்.

பட்டத்துக்கு மதிப்பில்லை என்று முடிவுகட்ட இதைவிடச் சரியான நாள் ஒருவருக்கு வாய்க்காது. மும்பையிலும் கதை மாறவில்லை. பங்குச் சந்தை ஆலோசனைத் தொழில் தொடங்கினார். சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினார்கள். 1918 நவம்பரில் சைடன்ஹாம் கல்லூரியில் மாதம் 450 ரூபாய் சம்பளத்தில் பேராசிரியர் ஆனார். அங்கேயும், ஆசிரியர்களுக்கான பானையில் அவர் தண்ணீர் எடுக்கக்கூடாது என்று சிலர் தடுத்தார்கள்.

450 ரூபாய் அன்று பெரிய சம்பளம். அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் சேமித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் சிறிது கொடுத்தார். நண்பர் நவல் பதேனாவிடம் 5,000 ரூபாய் கடன் வாங்கினார். வேலையை விட்டுவிட்டு, பாதியில் நின்ற படிப்பை முடிக்க 1920இல் மீண்டும் லண்டன் போனார். காலையில் ஒரு துண்டு ரொட்டி, இரவில் பசி தாங்காதபோது சுட்ட அப்பளம். பகல் முழுவதும் மியூசிய நூலகம். 1921இல் எம்.எஸ்சி.; பிறகு பாரிஸ்டர்; 1923இல் டி.எஸ்சி. ஊர் திரும்பியபோது வழக்கறிஞராகப் பதிந்துகொள்ளக்கூடக் கையில் பணமில்லை. அதற்கும் பதேனாதான் கொடுத்தார். ஒப்பந்தத்தை முறித்ததற்காகப் பரோடா அரசு வேறு பணத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தது.

இந்தக் கணக்கில் ரமாபாயின் பங்கைத் தனியாக எழுத வேண்டும். கணவர் கடல் கடந்திருந்த ஆண்டுகளில், அனுப்பும் சொற்பத் தொகையில் வீட்டை ஓட்டியவர் அவர். அவர்களுக்குப் பிறந்த ஐந்து பிள்ளைகளில் நான்கு பேர் சிறுவயதிலேயே இறந்தார்கள். 1935 மே மாதம் ரமாபாயும் இறந்தார். படிப்புக்குக் கடன் வாங்கியது ஒருவர் என்றாலும், அதைச் சுமந்தது ஒரு வீடு.

இந்தப் பாடத்தை அண்ணல் மறக்கவில்லை என்றே நாம் நினைக்கிறோம். ஒரு மன்னரின் மனது, ஒரு நண்பரின் பை, சகோதரிகளின் நகை என்று தான் நம்பியிருந்ததை அடுத்த தலைமுறையும் நம்பியிருக்கக்கூடாது என்றுதான் அவர் பார்த்தார். 1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பேற்றார். அலிகார், பனாரஸ் பல்கலைக்கழகங்களுக்கு ஆளுக்கு மூன்று லட்சம் கொடுக்கும் அரசு, பட்டியல் சாதி மாணவர்களுக்கு ஏன் கொடுக்கக்கூடாது என்று வைஸ்ராய் லின்லித்கோவிடம் வாதாடினார். ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. மாணவர்கள் சிலர் வெளிநாட்டுக்கும் அனுப்பப்பட்டார்கள். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டே மும்பையில் சித்தார்த் கல்லூரியை எழுப்பினார்.

இன்று நம் பிள்ளைகள் வாங்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944இல் தொடங்கியது. அது யாரும் போடும் தருமம் அல்ல. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு மூன்றையும் சேர்க்கைக்கு முன்பே தயாராக வையுங்கள். பணம் தாமதமாக வருகிறது, அதற்குள் கட்டணம் கட்டு என்று கல்லூரி நெருக்கினால், நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடும் முன், மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.