கற்றுக்கொண்டே கற்பித்த முன்ஷி அப்துல்லாஹ்

நம் ஜொகூரில் பிள்ளைகளுக்கு மார்க்கம் போதிக்கும் உஸ்தாதுமார் மலாக்கா முன்ஷி அப்துல்லாஹ் அவர்களின் வரலாற்றை அறிந்திருத்தல் நலமென்று நாம் கருதுகிறோம்.

அன்னாரின் முப்பாட்டனார் நாகூரில் குடியேறிய அரபியர். மார்க்கக் கல்வி போதித்தவர். 1796-இல் மலாக்காவில் பிறந்த அப்துல்லாஹ், தமிழும் பயின்றார். இளவயதிலேயே கோட்டையிலிருந்த இந்திய முஸ்லிம் சிப்பாய்களுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்தார். அவர்களே அவரை முன்ஷி என அழைத்தனர். பட்டம் கிடைத்ததென்று அவர் அமர்ந்துவிடவில்லை. அச்சிப்பாய்களிடமே ஹிந்துஸ்தானி கற்றார். பேசும் மொழியைப் படிப்பானேன் என்று பிறர் வியந்த காலத்தில், மலாய் மொழியை முறையாகப் பயின்றார். பொருளறியாமல் ஓதுவது போதாதென்று எழுதினார். சிறுவயதில் தாம் கண்ட ஓதற்பள்ளித் தண்டனைகளையும், 1849-இல் வெளிவந்த தம் சரிதத்தில் மறைக்காமல் வரைந்தார்.

அவரிடம் மலாய் கற்ற பாதிரியார் கீஸ்பெரியின் பள்ளியில் பயின்றவரே, பின்னர் ஜொகூர் சுல்தானான அபூபக்கர். முன்ஷியின் மகனார் இப்ராஹீமும் ஜொகூர் அரசில் உயர்பதவி வகித்தார். 1854-இல் ஹஜ்ஜு யாத்திரை சென்றவிடத்தில் முன்ஷி வஃபாத்தானார்.

பாடம் முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பியபின், அவர்களுக்கு விளங்கியது எவ்வளவு, நாம் கற்றது என்ன என்று நம்மையே கேட்டுக்கொள்வோமாக!