உட்கருவுக்குப் பெயர் சூட்டியவர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

வெங்காயத் தோலை உரித்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறோம். ஒவ்வொரு செல்லிலும் ஒரு சிறு வட்டம் தெரிகிறது. 'உட்கரு' என்று குறித்துவிட்டு அடுத்த படத்திற்குப் போய்விடுகிறோம். அந்த வட்டத்திற்குப் பெயர் சூட்டியவர் யார்?

அவர்தான் இராபர்ட் பிரௌன். 1773ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் மாண்ட்ரோஸ் நகரில் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் படித்தார். பட்டம் பெறாமலே வெளியேறினார். படையில் உதவி மருத்துவரானார். ஆயினும் அவர் உள்ளம் செடிகொடிகளையே நாடியது.

1801இல் 'இன்வெஸ்டிகேட்டர்' என்னும் கப்பலில் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார். ஆயிரக்கணக்கான தாவரங்களைச் சேகரித்து 1805இல் திரும்பினார். சேகரித்தவற்றுள் ஒரு பகுதி, முன்னதாக அனுப்பிய கப்பல் 1803இல் பாறையில் மோதியதால் கடலோடு போயிற்று. 1810இல் வெளியிட்ட நூலோ மிகச் சில பிரதிகளே விற்றது. அவர் மனம் தளரவில்லை.

1827இல், மகரந்தத்தினுள் இருந்த நுண்துகள்கள் நீரில் ஓயாமல் அசைவதைக் கண்டார். உயிர் இருப்பதால் அசைகின்றனவோ என்று ஐயுற்றார். உயிரற்ற கண்ணாடித் தூளையும் கல் தூளையும் இட்டுப் பார்த்தார். அவையும் அசைந்தன! அதுவே 'பிரௌன் இயக்கம்'.

1831இல் ஆர்க்கிட் இலையின் புறத்தோலை ஆராய்ந்தபோது, செல்தோறும் இருந்த வட்டத்திற்கு 'நியூக்ளியஸ்' என்று பெயரிட்டார். தமக்கு முன்பே ஃபிரான்ஸ் பாவர் என்ற ஓவியர் அதை வரைந்திருந்ததை அவர் மறைக்கவில்லை.

அவர் கண்டது வட்டத்தை மட்டுமே. அதன் விளிம்பு இரட்டைச் சவ்வு என்பது, 1950இல் காலன், டாம்லின் ஆகிய இருவர் நீர்நில வாழ்வனவற்றின் முட்டைச் செல்லை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோதே தெரிந்தது. வெளிச்சவ்வு எண்டோபிளாச வலையோடு தொடர்ந்து செல்கிறது. இரு சவ்வுகளும் இணையும் இடங்களில் துளைகள் உள்ளன. அவற்றின் வழியே ஆர்.என்.ஏ. வெளியே வருகிறது, தேவையான புரதங்கள் உள்ளே செல்கின்றன. டி.என்.ஏ.வோ உள்ளேயே காக்கப்படுகிறது. ஆக, அது வெறும் வேலியன்று, காவலுள்ள வாயில்.

1858இல் இலண்டனில் பிரௌன் மறைந்தார்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பட்டத்தை எதிர்பார்த்துப் பெற்றோர் காத்திருக்கிறார்கள். பிரௌன் படித்த படிப்பை முடிக்கவில்லை. ஆனால் உற்றுப் பார்க்கும் கண் அவரிடம் இருந்தது. எனக்குப் பட்டம் வேண்டும். அந்தக் கண்ணும் வேண்டும். நண்பர்களே, அடுத்த முறை வெங்காயத் தோலைப் பார்க்கும்போது, படம் வரையும் முன் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருப்போமா?