டான் லீனோவின் குரல்

லண்டன் மியூசிக் ஹால்களைக் குலுங்கக் குலுங்கச் சிரிக்க வைத்த டான் லீனோவைத் தெரியுமா? 1860-ல் பிறந்தவர். நிஜப் பெயர் ஜார்ஜ் கால்வின். அப்பா, அம்மா இருவரும் மேடைக்காரங்கதான். சின்ன வயசிலேயே மேடை ஏறி, 1880-ல் லீட்ஸ் நகரில் கட்டைச் செருப்பு நடனத்தில் சாம்பியன் பட்டமே வாங்கிவிட்டார். பிறகு ட்ரூரி லேன் தியேட்டரில் பெரும்பாலும் கிழவி வேஷம். 1901-ல் ஏழாம் எட்வர்டு மன்னர் முன்னிலையிலும் நடித்தார்.

நம்ம சப்ஜெக்ட் இனிமேல்தான். 1901 முதல் 1903 வரை கிராமபோன் கம்பெனிக்குப் பாடியும் பேசியும் கொடுத்தார். மைக் கிடையாது, ஆம்ப்ளிஃபயர் கிடையாது. புனல் வாயருகே நின்று உரக்கப் பாட வேண்டும். அந்த அதிர்வில் டயாஃப்ரம் ஆட, ஊசி மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். அவ்வளவுதான் ரெக்கார்டிங்! இரண்டு மூன்று நிமிஷத்தில் தட்டு தீர்ந்துவிடும்.

போட்டுக் கேட்டேன். பாதி இரைச்சல்தான். பாட்டை நிறுத்திவிட்டு மூச்சு விடாமல் பேசுகிறார். முகபாவத்தையும் கால் ஆட்டத்தையும் புனல் எப்படிப் பிடிக்கும்? எதிரே கைதட்ட ஜனமும் இல்லை. அப்படி நின்று காமெடி பண்ணுவது வைவாவை விடக் கஷ்டம்ங்க!

1903-ல் மனநிலை பாதித்தது. 1904 அக்டோபர் 31-ல், 43 வயதில் போய்விட்டார். மைக் வைத்துப் பதியும் இசைத்தட்டு விற்பனைக்கு வந்தது 1925-ல்.