கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரம் பிள்ளை

சூரியன் மறையாத சாம்ராஜ்யம் என ஒரு காலத்தில் ஆங்கில ஆட்சியைக் கூறுவர். அந்தச் சாம்ராஜ்யம் படைபலத்தால் மட்டும் நிலைபெறவில்லை. இங்கிலாந்தின் ஆலைத் துணியை நம் துறைமுகங்களில் இறக்கி, நம் பருத்தியை ஏற்றிச் சென்ற நீராவிக் கப்பல்களே அதன் உயிர்நாடி. 1856-இல் தொடங்கப்பெற்று, கீழ்த்திசைக் கடல்களெங்கும் பரவிய பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி அத்தொழிலில் தலைசிறந்து விளங்கியது. அக்கம்பெனியைத் தூத்துக்குடிக் கடலில் எதிர்த்து நின்ற பெருமகனாரே வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள்.

திருநெல்வேலிச் சீமை ஒட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5-ஆம் நாள் பிறந்த இவர், தந்தையாரைப் போலவே வக்கீல் தொழிலை மேற்கொண்டார். வங்கப் பிரிவினையால் 1905-இல் எழுந்த சுதேசிக் கிளர்ச்சி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்குப் பங்கெடுத்தார்.

வாடகைக் கப்பலை நம்பித் தொழில் நடத்த இயலாதென உணர்ந்த பிள்ளையவர்கள், சொந்தக் கப்பல் தேடி நாம் வாழும் இப்பம்பாய் நகருக்கே வந்தார். வீட்டில் மகன் நோயுற்றிருந்தான், மனைவியார் கருவுற்றிருந்தார். கப்பலின்றித் திரும்புவதில்லை என்பது அவர் சபதம். 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடியை அடைந்தன. ஊரே திரண்டு வரவேற்றது.

வெள்ளையர் கம்பெனி கொழும்புக் கட்டணத்தைக் குறைத்தது. பின்னர் இலவசமாகவே ஏற்றிச் சென்று குடையும் கொடுக்க முன்வந்தது. ரயில்வேயில் சரக்குக் கட்டணக் கணக்கெழுதும் அடியேனுக்கு இதன் சூட்சுமம் எளிதில் விளங்குகிறது. பல வழிகளில் கப்பல் விடுவோர் ஒரு வழியில் வரும் நஷ்டத்தை மற்ற வழிகளின் லாபத்தால் ஈடுசெய்யலாம். ஒரே வழியை நம்பியவருக்கு அந்த வசதி ஏது?

1908-இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு அவர் துணைநின்றார். அவ்வாண்டு மார்ச் 12-ஆம் நாள் கைதாகி, ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்தார். தலைவர் சிறையிலிருக்க, பங்குதாரர் மனந்தளர்ந்தனர். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா கப்பல் போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டதைக் கேட்டு அவர் வருந்தினார்.

1912 டிசம்பரில் விடுதலையானபோது வாயிலில் கூட்டமில்லை. வறுமையிலும் திருக்குறளுக்கு உரை வரைந்தார், தொல்காப்பியம் பதிப்பித்தார். 1936 நவம்பர் 18-ஆம் நாள் தூத்துக்குடியில் மறைந்தார்.

ஆனால் அவர் தொடங்கிய பணி மறையவில்லை. 1919 ஏப்ரல் 5-ஆம் நாள், இதே பம்பாய்த் துறைமுகத்திலிருந்து சிந்தியா கம்பெனியின் லாயல்டி கப்பல் லண்டனுக்குப் புறப்பட்டது. அதுவும் கட்டணப் போரைச் சந்தித்தது, ஆயினும் தாக்குப்பிடித்தது. சாம்ராஜ்யம் 1947-இல் நம் நாட்டை விட்டு நீங்கியது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி 1914-இலேயே பி அண்டு ஓ கம்பெனியுடன் இணைந்திருந்தது. 1970-களில் அதன் தனிப்பெயரும் மறைந்தது. அந்த பி அண்டு ஓவையும் 2006-இல் துபாய் நிறுவனம் ஒன்று விலைக்கு வாங்கிற்று. தூத்துக்குடித் துறைமுகமோ 2011 முதல் வ. உ. சிதம்பரனாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் அன்பர்களே! பகைவரின் பணபலத்தோடு, நம்மவரின் மனத்தளர்ச்சியும் அக்கப்பல்களைக் கரைசேர விடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம் காலனியில் ஒரு கூட்டுறவு நிதி தொடங்கினோம். முதல் இடையூறு வந்ததுமே பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களுள் நானும் ஒருவன். அவர் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நாணம் மேலிடுகிறது. அந்நிதியை மீண்டும் தொடங்குவோமாயின், என் பங்கு இம்முறை இறுதிவரை நிற்கும்.